சும்மா இருக்கிற கம்ப்யூட்டருக்கும் ரீடிங் ஓடும்

கரண்ட் பில் எகிறிப்போச்சு என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முதல் குற்றவாளி ஏசி. அடுத்தது கீசர். மூன்றாவது, பாத்ரூம் லைட்டை அணைக்காமல் வந்த யாரோ ஒருவர். கம்ப்யூட்டரின் பெயரை யாரும் எடுப்பதில்லை. படிப்புக்கும் பிழைப்புக்கும் இருக்கிற சாமான் அது, அதைப் போய் சந்தேகப்படலாமா என்கிற மரியாதைதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் கம்மி. அதனால் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை நிறுத்தினால் பில் பாதியாகிவிடும் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. ஏசி ஓடும் வீட்டில் ஏசிதான் ராஜா. ஆனால் தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. கடைசியாக எரிக்கும் யூனிட்டுகள்தான் நம்மை அடிக்கும். சும்மா விழித்திருக்கும் கம்ப்யூட்டர் சேர்ப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி யூனிட்டுகளைத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பரில் வந்த விலைகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன், முழு ரூபாயாக இருப்பதால் மனக்கணக்குக்கு வசதி. 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள், படிகளின் அமைப்பு மாறவில்லை. 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1725. 501 ஆகிவிட்டால்? அந்த 2.25 சலுகை பறிபோய்விடும். 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.50, 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1958. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இப்போது இரண்டு வீடுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் 380 யூனிட் ஓடுகிறது. அதில் 80 குறைத்தால் மிச்சம் 360 ரூபாய். இன்னொரு வீட்டில் 580. அதே 80-ஐக் குறைத்து 500-இல் நிறுத்தினால் மிச்சம் 865 ரூபாய். அதே 80 யூனிட்தான், இரண்டு மடங்குக்கும் மேலே காசு. ஒரு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர், படிக்கிற பிள்ளை ஒன்று என்று இருக்கிற நடுத்தரக் குடும்பம் பெரும்பாலும் இந்த 500 கோட்டுக்குப் பக்கத்தில்தான் தள்ளாடிக்கொண்டிருக்கும். பழைய வெள்ளை அட்டையோ மொபைலில் வந்த குறுஞ்செய்தியோ, உங்கள் கடைசி நாலைந்து ரீடிங்கை எடுத்துப் பாருங்கள். 480, 530, 610, 510 என்று வரிசை வந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். 250-க்குக் கீழே இருப்பவர்கள் நிம்மதியாக வேறு வேலையைப் பார்க்கலாம்.

சரி, அந்த 80 யூனிட் கம்ப்யூட்டரிலிருந்து வருமா?

ஒரு சின்ன சூத்திரம் சொல்கிறேன், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு வாட் இழுக்கிற பொருள் இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் 1.44 யூனிட். அவ்வளவுதான். 10 வாட் ரவுட்டர் என்றால் 14 யூனிட் சொச்சம். ஒரு சாதாரண டெஸ்க்டாப், விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதது, எந்த வேலையும் செய்யாமல் திரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க 50, 60 வாட் எடுக்கும். மானிட்டர் ஒரு 20. கூட்டினால் 80. அதை அணைக்கவே அணைக்காத வீட்டில் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். தினம் எட்டு மணி நேரம் மட்டும் விழித்திருந்தால் 38. வித்தியாசம் 77. நான் மேலே சொன்ன 80-க்கு மூன்றுதான் குறைகிறது, அந்த மூன்றை வேறெங்காவது தேடிக்கொள்ளலாம்.

இதெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் வீட்டுப் பெட்டி எவ்வளவு தின்கிறது என்று தெரிய அளக்கத்தான் வேண்டும். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் சொருகுகிற வாட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, வாட்டைக் காட்டும் ஸ்மார்ட் பிளக்கும் இருக்கிறது. ஆனால் காசே செலவழிக்காமல் அளக்க ஒரு கருவி ஏற்கெனவே வீட்டு வாசலில் தொங்குகிறது. ஈபி மீட்டரேதான்.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ‘இம்ப்’ என்ற எழுத்துகளோடு 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். 3200 என்றால், 1125-ஐ ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள விநாடிகளால் வகுங்கள். வருவது வாட். 1600 என்றால் 1125-க்குப் பதில் 2250. வீட்டில் மற்ற எம்சிபிகளை எல்லாம் இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அறையை மட்டும் விட்டுவைத்தால் கணக்கு சுத்தமாக வந்துவிடும். ஃபிரிட்ஜை கால் மணி நேரம் நிறுத்தினால் பால் கெட்டுப்போகாது. மீட்டர் பெட்டியின் சீலைத் தொட வேண்டாம், வெளியில் நின்று பார்த்தாலே போதும்.

அண்ணன் மகன் எங்களோடு தங்கிப் படிக்கிறான். எங்கள் வீட்டில் பெரிய பெட்டி அவனுடையதுதான்: விளையாட்டு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு மானிட்டர், உள்ளே கலர் கலராக எரிகிற விளக்குகள். மீட்டர்கள் எல்லாம் கீழே மாடிப்படிக்கு அடியில். நான் கீழே, அவன் மேலே, நடுவில் போன்.

“சித்தப்பா, இப்ப சும்மாதான் இருக்கு. ஒண்ணும் ஓடல.”

“டேய், இங்க ஒம்பது செகண்டுக்கு ஒரு தடவ அடிக்குது.”

“அப்படின்னா எவ்ளோ?”

“நூத்தி இருபத்தஞ்சு. ரெண்டு ஃபேனுக்குக் கொஞ்சம் கம்மி.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “மானிட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டேன், பாருங்க” என்றான். 14 விநாடி. 80 வாட். விளையாட்டைத் திறக்கச் சொன்னேன். மூன்று விநாடிக்கு ஒன்று, 375 வாட். ஸ்லீப்பில் போடச் சொன்னபோது 70 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டியது, 16 வாட். முழுக்க ஷட்டவுன் செய்தும் சிமிட்டல் நிற்கவில்லை. 90 விநாடிக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் பயன்படுத்தாதபோது 12 வாட் எங்கே போகிறது? யூபிஎஸ். கூடவே ஸ்பீக்கர், மானிட்டர்களின் காத்திருப்பு மின்சாரம். மிகக் குறைந்த வாட்டில் மீட்டர் அத்தனை துல்லியமாக இருக்காது, ஒன்றிரண்டு வாட் முன்பின் இருக்கலாம். ஆனால் படம் தெளிவாகிவிட்டது.

விளையாடும்போது 375 என்பதுதான் எல்லோர் கண்ணையும் உறுத்தும். எனக்கு உறுத்தியது 125. விளையாட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதில் பையனுக்கு சந்தோஷமாவது கிடைக்கிறது. இரவு பதினொன்றுக்கு “டவுன்லோடு போயிட்டிருக்கு சித்தப்பா” என்று அப்படியே விட்டுவிட்டுப் படுத்தால், டவுன்லோடு பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும், பெட்டி காலை ஏழு வரை விழித்திருக்கும். ஓர் இரவுக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60. அதில் யாருக்கும் ஒரு பைசா பயனில்லை.

கம்ப்யூட்டர் மின்சாரத்தைப் பற்றிய என் கட்சி இதுதான்: வேலை செய்யும்போது எடுப்பதை விட்டுவிடுங்கள், ஆளில்லாதபோது எடுப்பதைப் பிடியுங்கள். பிரகாசத்தைக் குறைப்பது, டேப்களை மூடுவது போன்ற சில்லறைகளில் மல்லுக்கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரவு முழுக்கப் பெட்டியை ஓடவிடுகிறவர்களாகவும் இருக்கிறார்கள்.

ஆளில்லாதபோது பிடிக்க வழி ஸ்லீப். இரண்டு, மூன்று வாட்டில் எல்லாவற்றையும் மெமரியில் வைத்துக்கொண்டு தூங்கும், தொட்டால் ஓரிரு விநாடியில் எழுந்துவிடும். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், திரை அணைய 5 நிமிடம், ஸ்லீப்புக்கு 15 அல்லது 20 நிமிடம் என்று வைத்துவிட்டால் மனிதர்களின் ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. பலர் இதை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ‘நெவர்’ என்று மாற்றிவிடுவார்கள். காரணம் கேட்டால், “தூங்க வைச்சா தானா எழுந்துக்குது” என்பார்கள், இல்லையென்றால் “தூங்கவே மாட்டேங்குது” என்பார்கள். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

தானாக எழுவதற்குப் பெரும்பாலும் மவுஸ்தான் காரணம். மேசையில் யாராவது இடித்தாலோ ஃபேன் காற்றில் ஒயர் ஆடினாலோ கூட அது அசைந்து பெட்டியை எழுப்பிவிடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ‘கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி’ என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். எழுப்ப கீபோர்டு போதும். நெட்வொர்க் கார்டுக்கும் அதே டிக் இருக்கும், அதையும் எடுக்கலாம். நள்ளிரவில் தானே எழுந்து அப்டேட் செய்வது இன்னொரு தொல்லை. பவர் ஆப்ஷன்ஸில் ‘வேக் டைமர்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தூங்க மறுக்கிறதென்றால், ஏதோ ஒரு புரோகிராம் “நான் வேலையில் இருக்கிறேன்” என்று கைதூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் எங்கோ வீடியோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரவுசர் டேப், டோரன்ட், முடியாமல் நிற்கும் மீட்டிங் ஆப் என்று ஏதோ ஒன்று. அதை மூடினால் தூங்கிவிடும்.

டவுன்லோடுதான் சாக்கு என்றால், பெரும்பாலான டோரன்ட் ஆப்களிலும் வேறு பல டவுன்லோடு மேனேஜர்களிலும் ‘முடிந்ததும் அணை’ என்கிற வசதி இருக்கிறது. இல்லாவிட்டால், சாயங்காலம் நாம் உட்கார்ந்திருக்கும்போதே அதைப் போடுவது. பையனிடம் சொன்னேன். “அப்ப பிங் ஏறும் சித்தப்பா” என்றான். அதற்குமேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.

“அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணினா கம்ப்யூட்டர் கெட்டுப்போயிடும்” என்பது நம்மிடம் ஆழமாக ஊறிய நம்பிக்கை. பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் அதற்கு ஓரளவு அடிப்படை இருந்தது, தட்டு சுற்றத் தொடங்குவதும் நிற்பதும் தேய்மானம்தான். ஆனால் அந்தக் கால டெஸ்க்டாப் டிஸ்க்குகளே 50,000 முறை ஆரம்பித்து நிறுத்தத் தாங்கும் என்றுதான் விற்றார்கள். தினம் பத்து முறை அணைத்துப் போட்டாலும் 13 வருடம் ஆகும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்குத் தட்டே கிடையாது. “ஆன் ஆகும்போது கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்” என்பது அடுத்த நம்பிக்கை. ஒரு நிமிடம் 100 வாட் இழுத்தால் அது யூனிட்டில் அறுநூறில் ஒரு பங்கு. பத்து நிமிடத்துக்கு மேல் எழுந்து போகிறீர்களென்றால் தூங்க வைப்பதே லாபம்.

ஸ்கிரீன்சேவர் என்ற பெயரே பாதிப் பேரை ஏமாற்றியிருக்கிறது. அது கரண்டை மிச்சப்படுத்துவதற்காக வந்ததில்லை. பழைய டப்பா மானிட்டரில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையின் பூச்சில் அதன் வடு விழுந்துவிடும், அதைத் தடுக்க வந்தது. 90-களில் பிரவுசிங் சென்டர்களில் குழாய் குழாயாக வளர்ந்துகொண்டே போகும் அந்த முப்பரிமாணப் படத்தை வாயைப் பிளந்து பார்த்தவர்கள் நாம். மானிட்டரும் முழுசாக எரிந்துகொண்டிருந்தது, குழாய் வரைவதற்காக சிபியூவும் உழைத்துக்கொண்டிருந்தது. அதே காலத்துப் பெட்டிகளை ஆன் செய்ததும் கறுப்புத் திரையின் வலது மூலையில் ‘எனர்ஜி ஸ்டார்’ என்று ஒரு முத்திரை தெரியும், ஞாபகம் இருக்கிறதா? 1992-இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய திட்டம் அது. அதில் முதலில் முத்திரை வாங்கியவை ஃபிரிட்ஜும் இல்லை, ஏசியும் இல்லை, கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். ஆளில்லாதபோது தூங்கு என்பதுதான் அப்போதே அவர்கள் சொன்னதும். நாம் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டே ஸ்கிரீன்சேவரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம்.

கறுப்புப் பின்னணி வைத்தால் கரண்ட் மிச்சம் என்பதும் அதே வகை. 2007-இல் ‘பிளாக்கிள்’ என்று கூகுள் தேடலைக் கறுப்புப் பக்கத்தில் காட்டும் ஒரு தளம் இதற்காகவே வந்து பரபரப்பாகப் பேசப்பட்டது. டப்பா மானிட்டரில் அது உண்மை. எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும், கறுப்பு என்பது அந்த வெளிச்சத்தை மறைப்பது மட்டுமே. இன்றைக்கு ஓஎல்இடி திரையுள்ள போனிலும் சில லேப்டாப்பிலும் கறுப்பு மறுபடியும் அர்த்தமுள்ளதாகிவிட்டது. உங்கள் மேசையில் இருப்பது சாதாரண எல்இடி மானிட்டர் என்றால் டார்க் மோட் கண்ணுக்குத்தான், மீட்டருக்கு இல்லை. பின்விளக்கின் பிரகாசத்தைக் குறைத்தால் ஐந்து, பத்து வாட் குறையும். கடையில் பளபளப்பாகத் தெரியட்டும் என்று அதிகமாக வைத்து அனுப்புகிறார்கள், வீட்டுக்கு அதில் பாதி தாராளம்.

விளையாட்டுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. விளையாட்டு ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைய முடியுமோ அத்தனையையும் வரைந்துகொண்டே இருக்கும். மானிட்டரால் 60-தான் காட்ட முடியும், கார்டோ 200 வரைந்து தள்ளும். மெனு திரையில் நிற்கும்போதுகூட சில விளையாட்டுகள் கார்டை முழு மூச்சாக ஓட்டும். படங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு டிரைவரிலேயே உண்டு. அதை மானிட்டரின் வேகத்துக்கு வைத்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, மின்விசிறிச் சத்தம் குறைவதே காதில் விழும். கார்டின் பவர் லிமிட்டை எழுபது, எண்பது சதவிகிதத்துக்கு இறக்கினால் வேகத்தில் பெரும்பாலும் சொற்பம்தான் போகும், கடைசித் துளி வேகத்துக்காகத்தான் கார்டுகள் அத்தனை கரண்டை விழுங்குகின்றன. இன்னொன்று: சில கார்டுகள் இரண்டு மானிட்டர் வெவ்வேறு வேகத்தில் இணைந்திருந்தால் சும்மா இருக்கும்போதும் மெமரியை முழு வேகத்தில் வைத்திருக்கும். எங்கள் வீட்டு 80 வாட்டில் ஒரு பகுதி அதுவாக இருக்கலாம். இரண்டாவது மானிட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். பையனைக் கேட்டுத்தான் பிடுங்க வேண்டும்.

இந்த மாதிரிப் பெட்டி ஏசி அறையில் இருந்தால் பில் இன்னொரு வழியாகவும் ஏறும். கம்ப்யூட்டர் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறையில் இறங்குகிறது. 375 வாட் இழுக்கிறது என்றால், மூடிய அறைக்குள் அந்த அளவுக்கு ஒரு சின்ன ஹீட்டரை வைத்த மாதிரி. அதை வெளியே தள்ள ஏசி அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக எடுக்கும். சித்திரை, வைகாசியில் மதியம் விளையாடுவதற்கும் மார்கழி இரவில் விளையாடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வெயில் நாளில் ஏசி மணிக்கு முக்கால் யூனிட், ஒரு யூனிட் என்று ஓடும்போது, “சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவிட்டு ஆடு” என்று சொன்னால் அதுவே ஒரு சேமிப்பு.

பெட்டிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பக்கம் வருவோம். சென்னை ரிச்சி ஸ்டிரீட்டிலோ உங்கள் ஊர் கடையிலோ அசெம்பிள் செய்தபோது, கேபினட்டோடு இலவசமாக வந்ததை அப்படியே போட்டிருப்பார்கள். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து “இது 450 வாட் இழுக்குமா?” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இழுக்காது, அதிகபட்சம் அவ்வளவு கொடுக்கும் என்கிறார்கள், அதையும் பாதி நம்பினால் போதும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. உள்ளே இருக்கும் பாகங்களுக்கு 100 வாட் தேவை என்றால், எழுபது சதவிகிதத் திறனுள்ள மலிவு எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 143 எடுக்கும். 88 சதவிகிதத் திறனுள்ளது 114 எடுக்கும். மீதி சூடாகப் போகிறது. 2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ முத்திரை இதற்காகத்தான்: 20, 50, 100 சதவிகித சுமையில் குறைந்தது எண்பது சதவிகிதத் திறன். தினம் எட்டு மணி நேரத்துக்கு இந்த வித்தியாசம் இரண்டு மாதத்தில் 14 யூனிட். நன்றாக ஓடுவதைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்க அது போதாது. ஆனால் பழையது புகைந்து புதிது வாங்கும்போது, மலிவானதைத் தூக்கிக்கொடுக்கும் கடைக்காரரிடம் முத்திரை கேட்டு வாங்குங்கள். தேவைக்கு மேல் ரொம்பப் பெரிதாகவும் வாங்க வேண்டாம். 750 வாட் எஸ்எம்பிஎஸ் 50 வாட் சுமையில் ஓடும்போது அதன் திறன் விழுந்துவிடும்.

பிளக்கில் சொருகினால் பில் முப்பது, நாற்பது சதவிகிதம் குறையும் என்று விளம்பரம் செய்து விற்கும் ‘பவர் சேவர்’ டப்பாக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். உள்ளே ஒரு கப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். பவர் ஃபேக்டரைச் சரிசெய்கிறோம் என்பார்கள். வீட்டு இணைப்பில் நாம் காசு கொடுப்பது யூனிட்டுக்கு; பவர் ஃபேக்டர் சரியானாலும் யூனிட் குறையாது. அந்தப் பச்சை விளக்கு எரிவதற்கான கரண்டும் நம் கணக்கில்தான்.

யூபிஎஸ்ஸுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டு 12 வாட்டின் பெரும்பகுதி அதுதான். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். அதற்கு முன்பே வாங்கிய கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸும் அப்படியே இருக்கிறது. ஆக, இன்வெர்ட்டர் லைனில் யூபிஎஸ், யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் என்று இரண்டு பேட்டரிகளையும் ஆண்டு முழுக்க நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். 12 வாட் என்றால் சூத்திரப்படி இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். கம்ப்யூட்டர் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையே அணைத்தால் பெரும்பகுதி மிச்சம். யூபிஎஸ்ஸையும் அதன் பட்டனில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியிலிருந்து ஓடிக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் அணைத்தே வைத்தால் லெட் ஆசிட் பேட்டரி வீணாகும், தினமும் சில மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடும் வீட்டில் அந்தப் பயம் வேண்டாம். லேப்டாப்புக்கு யூபிஎஸ்ஸே தேவையில்லை, அதன் வயிற்றிலேயே பேட்டரி இருக்கிறது. பழக்கதோஷத்தில் லேப்டாப்பையும் யூபிஎஸ்ஸில் சொருகி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ரவுட்டரை இரவில் அணைக்கலாமா என்று கேட்பீர்கள். ஏழு மணி நேரம் அணைத்தால் இரண்டு மாதத்தில் நாலு யூனிட் மிச்சம். அதற்காக சிசிடிவி கேமரா நின்றுபோவது, சிக்னல் இல்லாத வீட்டில் வைஃபை காலிங் போவது, காலையில் “நெட் வரல” என்று கூப்பாடு, எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம். நான் அதைத் தொடுவதில்லை. போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதும் அப்படித்தான், சும்மா சொருகி இருக்கும் நல்ல சார்ஜர் கால் வாட்கூட எடுப்பதில்லை. பக்கத்தில் ரிமோட்டால் அணைத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் செட்டாப் பாக்ஸ் பத்து வாட் வரை விழுங்கிக்கொண்டிருக்கும். கை நீள்வதென்றால் அந்த சுவிட்சுக்கு நீளட்டும்.

லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அது ஏற்கெனவே நல்ல பிள்ளை. டைப் அடிப்பதற்கும் மெயில் பார்ப்பதற்கும் 10, 15 வாட். வெளி மானிட்டரோடு சேர்த்து 35 வைத்துக்கொண்டால், தினம் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 17 யூனிட். டெஸ்க்டாப்புக்கு 38. வித்தியாசம் 21, 22 யூனிட். 4.50 ரூபாய்ப் படியில் நிற்கும் வீட்டுக்கு அது நூறு ரூபாய்கூட இல்லை. இதைச் சாக்காக வைத்து நாற்பதாயிரம் கொடுத்துப் புது லேப்டாப் வாங்குவது கணக்கே அல்ல, வாங்க ஆசை, அவ்வளவுதான். தவிர, ஒரு லேப்டாப்பைத் தயாரிக்கவும் ஆற்றல் செலவாகிறது.

ஆனால் ஏற்கெனவே வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால் கதை வேறு. 2011-இல் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது, பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்தது. எத்தனையோ வீட்டு பீரோக்களில் அவை பேட்டரி செத்துப்போய்க் கிடக்கின்றன. பெரிய டெஸ்க்டாப்பைக் கரண்ட் பில் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் மட்டுமே ஆன் செய்கிற வீட்டில், அந்தப் பழைய லேப்டாப்பில் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் எடை குறைந்த லினக்ஸும் போட்டால் அந்த வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். செத்த பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஆசை ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கே வரும். ஓய்வுபெற்ற டெஸ்க்டாப்பை மூலையில் வைத்து, போட்டோவும் படமும் சேமிக்கும் ‘ஹோம் சர்வர்’ ஆக்குவது. பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்த திருப்தி இருக்கும். 50 வாட், இரவு பகலாக: இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 500-ஐத் தாண்டிய வீட்டில் யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,450 ரூபாய். அதே வேலையை ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்ன போர்டு ஐந்து வாட்டில் செய்யும், 7 யூனிட். அதுகூட வேண்டாம் என்றால், பழைய பெட்டியிலிருந்து டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு ரவுட்டரின் பின்னால் சொருகிவிடுங்கள். பல ரவுட்டர்களில் அதற்கென்றே ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிஸ்க் எடுத்த வெற்றுப் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள், போர்டில் ஈயம் இருக்கிறது. மின்கழிவுக்குப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கிடைக்கும்.